நான்கு சக்கரமும் இழுத்த வெள்ளிக்கிழமை

வாலிகண்டபுரம்,
3.2.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

முத்துவேல் எழுதிக்கொள்வது. வாலீசுவரர் புண்ணியத்தில் இங்கே நானும் மாமாவும் அத்தையும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், மஸ்கட்டில் உன் வார்டில் படுத்திருக்கிறவர்களின் சுகத்துக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறார். பின்கட்டில் கூரை ஓடுகளை மாற்றிவிட்டேன், இனி ஒழுகாது.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் நான் ஜீப் என்று ஆரம்பித்தாலே “சாப்ட்டீங்களா?” என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

தீபாவளி அன்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. “அடுத்த தடவ நான் வரப்ப அந்த வண்டி வாசல்ல நிக்கக் கூடாதுங்க” என்றாய். நானும் வாக்குக் கொடுத்தேன். திருச்சி ஓட்டல்காரர் ஒருவரைப் பிடித்து, பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகச் சொல்லியிருந்தேன். அறுபத்து நான்காம் வருஷத்து வில்லிஸ் ஜீப், அதுவும் கம்பெனி பெட்ரோல் எஞ்சின் மாறாமல் இருப்பது, அவர் தேடிய வரையில் வேறு எங்குமே கிடைக்கவில்லையாம். விளக்குப் போட்டு ஓட்டல் முன்கூடத்தில் நிறுத்தப்போகிறேன் என்றார். எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சரி என்றேன். இதை எழுதும்போதுகூட உன்மேல் கொஞ்சம் கோபம் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை எறையூர்க் காட்டில் மாமாவுக்குக் கரும்பு வெட்டு. ஆலையிலிருந்து உத்தரவு வந்து, ஆளும் இறங்கி, டிராக்டரில் பாரமும் ஏற்றியாகிவிட்டது. சாயங்காலம் பிடித்ததே ஒரு மழை! தை மாதத்தில் இப்படி ஒரு மழையை யார் எதிர்பார்த்தார்கள்? கரிசல் மண் களி மாதிரி ஆகிவிட்டது. வெளியே வரும் ஒரே வழியில் டிராக்டர் அச்சுவரை இறங்கி நின்றுகொண்டது. அதற்குப் பின்னால் மீதிக் கரும்பெல்லாம் வெட்டிப்போட்டது போட்டபடி கிடந்தது. இழுக்க வந்த இன்னொரு டிராக்டரும் நின்ற இடத்திலேயே வழுக்கியது. ஜேசிபி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். அதுவரை கிடந்தால் கரும்பு காய்ந்து, ஒரு வருஷ உழைப்பு பாதியாகிவிடும். மாமா வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

புதன்கிழமை காலையில் நான் ராஜா மாதிரி ஜீப்பில் போய் இறங்கினேன். போகும் வழியெல்லாம் ஹாரன் வேறு. சங்கிலியை மாட்டினேன். டிரைவர் காலடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கம்பிகளில் நடுக்கம்பியைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்று வெட்டு ஆட்களுக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, போட்டேன். பின் சக்கரம் இரண்டும் குழி தோண்டின. முன் சக்கரம் இரண்டும் கோயில் சிங்கம் போல அசையாமல் இருந்தன. ஜீப்பும் புதைந்துவிட்டது. மாமா எழுந்து வந்து பார்த்துவிட்டு, “மாப்ள, இப்ப இத இழுக்க எதக் கொண்டாறது?” என்றார். வெட்டு ஆட்கள் கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

சத்யா, உன்னிடம் ஆறு வருஷமாக மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்துக்குச் சுற்றுவிசை கொண்டுபோகும் ஷாஃப்ட் அந்த வண்டியில் இல்லவே இல்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது அங்கே இருக்கிற டிரைவர்கள் எல்லாரும் அதைக் கழற்றிவிடுவார்கள். பெட்ரோல் மிச்சமாகும், ஸ்டீயரிங் லேசாகும் என்று ஒரு நம்பிக்கை. நானும் கழற்றி மாட்டுக்கொட்டகை ஓரம் வீசினேன். அப்புறம் உன்னிடமும் ஊரிடமும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று வாய் கிழியப் பேசினேன். புதன்கிழமை அந்தச் சேற்றில் நின்றபோதுதான் கழற்றினது ஞாபகம் வந்தது. அவ்வளவு பழகிவிட்டது என் பொய் எனக்கே!

இரண்டாவது டிராக்டரை மேட்டில் நிறுத்தி, ஜீப்பைப் பின்பக்கமாக இழுத்து வெளியே எடுத்துக்கொண்டு வீடு வந்தேன். கொட்டகையில் தேடினால் ஷாஃப்ட் இல்லை. பழைய இரும்புக்காரனுக்குப் போயிருக்கும் என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன். வைக்கோலைக் கிளறிப்பார்த்தேன், கிணற்றடியில் பார்த்தேன். கடைசியில் பரணில், உன் கல்யாணப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை. பிரித்தேன். ஷாஃப்ட். துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. முழுக்கக் கிரீஸ் தடவி, உன்னுடைய பழைய பச்சைச் சேலையில் சுற்றியிருந்தது. இரண்டு முனையிலும் மூட்டாக இருக்கிற கிராஸ் கழன்று போகாமல் துணியால் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் வளைவு போல்ட் நான்கு, நட்டு எட்டு.

பரண் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. மஸ்கட்டுக்குக் கிளம்புகிற வாரத்தில் நீ ஒரு நாள் முழுக்கப் பரணை ஒழித்தாயே, அது இதற்குத்தானா? நான் கழற்றியது உனக்குத் தெரியும். என் பீற்றல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாய். வண்டியைப் பார்த்தாலே எரிச்சல் என்கிறவள் அதன் நட்டை எண்ணிப் பாட்டிலில் போடுவாளா? உன்னைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமோ தெரியவில்லை.

வியாழக்கிழமை அரியலூரிலிருந்து மெக்கானிக் இளையபெருமாளை வரவழைத்தேன். மூட்டையைப் பிரித்ததும், “இந்தக் கிரீஸ யாருப்பா வச்சது? ஒர்க்‌ஷாப்ல கூட இப்டி வைக்க மாட்டாங்களே” என்றார். என் சம்சாரம் என்றேன். “அப்ப அவங்களயே என் கடைக்கு அனுப்பு” என்றார். இருவரும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து மாட்டினோம். முன் அச்சில் எண்ணெய் மாற்றினோம். எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிற வண்டி அது. ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், கொஞ்சம் பொறுமை போதும். இப்போது வருகிற வண்டிகளில் மூடியைத் திறந்தால் எதைத் தொடுவதென்றே தெரியவில்லை. எனக்கு அதில் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்பாயே, இதுதான். கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று அது மறைக்காமல் சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை. டிராக்டரிலிருந்து பாதிப் பாரத்தை இறக்கச் சொன்னேன். சக்கரத்தடியில் கரும்பின் காய்ந்த சோகை இலைகளைப் பரப்பினோம். இந்தத் தடவை ஹாரனும் இல்லை, பாடமும் இல்லை. நடுக்கம்பியைப் போட்டேன், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற அடுத்த கம்பியையும் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டேன். டிராக்டர்காரரும் பின்னாலிருந்து முடுக்கினார். நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்தன, சத்யா! எஞ்சின் உறுமியதே தவிரத் திணறவில்லை. ஒரு சாண். ஒரு முழம். அப்புறம் டிராக்டர் மொத்தமாக எழும்பி மேட்டுக்கு வந்துவிட்டது. வெட்டு ஆட்கள் போட்ட விசில் வாலிகண்டபுரம் வரை கேட்டிருக்கும். மத்தியானத்துக்குள் இறக்கிவைத்த பாரமும் வெட்டிக் கிடந்த மீதியும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. மாமா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். பானட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்தார். அந்தத் துண்டை அத்தை கையில்கூடத் துவைக்கக் கொடுக்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல்காரர் வந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வாக்கு வாக்குதான். அப்போது மாமா வந்து நேரே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டத் தெரியாது, ஆனால் இறங்கவும் இல்லை. “எங்க வூட்டு வண்டிங்க. ஓடுற வண்டிய எதுக்குங்க வெளக்குப் போட்டு நிறுத்தி வைக்கணும்?” என்று கேட்டார். ஓட்டல்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். மனுஷர் காபி குடித்துவிட்டு, முடிவைச் சொல்லுங்கள் என்று நல்லபடியாகவே போனார்.

முடிவு என் கையிலும் மாமா கையிலும் இல்லை. ஆர்.சி. புத்தகம் உன் பெயரில் இருக்கிறது. விற்பனைப் படிவத்தை நம் ஊர் நல்லதம்பி கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் புதன்கிழமை மஸ்கட்டில் இருப்பான். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நானே திருச்சிக்கு ஓட்டிப்போய் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருகிறேன். முணுமுணுக்க மாட்டேன். கிழித்துப் போட்டாயானால் மாமாவிடம் நீயே சொல். அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. ஏப்ரலில் உன் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குப் போடட்டுமா என்று பொங்கலன்று கேட்டாய். உன் இஷ்டம் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். ஜீப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்குச் சம்மதம். அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மட்டும் போடாதே சத்யா. வீட்டுக்கு வந்துவிடு.

என்றும் உன்,
முத்துவேல்