கேட்டருகே நிற்காத வண்டி

ஞாயிறு, இரவு

இன்று முதல் முறையாக எங்கள் காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடையும் நானே மாற்றினேன். உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் காலையில் தொடங்கிய வேலை, மாலையில்தான் முடிந்தது. ஓட்டிப் பார்க்க வண்டியை எடுத்தேன். என் மனைவி ஸ்டெல்லா கேட்டைத் திறந்துகொண்டு எதிரே நின்றாள். பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. பதறிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது.

"இன்னா விளையாட்டு இது?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

புது பேடு போட்டால், வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்த வேண்டும்; அப்போதுதான் பேடு டிஸ்க்கை நெருங்கும். படித்திருந்தும் மறந்துவிட்டேன். அழுத்திய பிறகு பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் வேறு எதையெல்லாம் மறந்தேனோ? நாளைக் காலை அவள் இதே வண்டியில்தான் கனகசெட்டிக்குளத்துப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போக வேண்டும்.

இதை எழுதும்போதே கட்டிலிலிருந்து கேட்டாள்.

"சாயங்காலம் பிரேக் பிடிக்கலதானே?"

"ஆமா."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பயந்துட்டேன்."

"நாளைக்கு நான் பஸ்ல போறேன். மெக்கானிக் வந்து பாக்கட்டும்."

திரும்பிப் படுத்தவள் தூங்கியும்விட்டாள். சிரித்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்ததா?