மீட்டர் காட்டிய ஒன்பது

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. அண்ணியை வழியனுப்பிவிட்டு வந்த அன்று, "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டேன். துக்கத்தில் கொட்டிய வார்த்தை, அள்ள முடியவில்லை.

அன்றிலிருந்து நாற்பது நாளாக, தினமும் காலை ஆறரைக்கு, இருபது வருடமாக நாம் ஹாம் ரேடியோவில் பேசும் அதே அலைவரிசையில் உங்களைக் கூப்பிடுகிறேன். நீங்கள் மற்ற நண்பர்களோடு பேசுவது மெலிதாகக் கேட்கிறது. எனக்கு மட்டும் பதில் இல்லை. போன் செய்யவும் பயம். எடுக்காமல் விட்டால் தாங்கமாட்டேன். திட்டவாவது திட்டுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 8

அடி வாயாடி,

உன் குரல் ஒரு நாள்கூட இங்கே வரவில்லை. நீதான் என்னைத் தலைமுழுகிவிட்டாய் என்று நினைத்தேன். ஆனாலும் ஆறரைக்குக் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் குரல் மெலிதாகக் கேட்கிறது என்றாயே, அங்கேதான் பிடித்தேன். மற்ற எல்லோருக்கும் நான் கணீரென்று கேட்கிறேன். கோளாறு உன் ஏரியலில் இருக்கிறது. இத்துடன் ஒரு மீட்டர் அனுப்புகிறேன். உள்ளங்கையில் அடங்கும்; ஏரியல் சரியாக இருக்கிறதா என்று எண்ணில் காட்டும். முன்பு நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் இதைக் கனவில்தான் பார்க்க முடியும். இப்போது ஒரு ஜோடி ஷூ விலைக்கே கிடைக்கிறது.

ரேடியோவிலிருந்து ஏரியல் கேபிளைக் கழற்றி, அந்த முனையில் இதை மாட்டு. ஒன்றரைக்குள் காட்டினால் சுகம். மூன்றைத் தாண்டினால் நோய். மாடிக்கு நீ ஏறாதே, மாப்பிள்ளையை ஏற்று.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

ஒன்பது காட்டியது! உங்கள் மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். ஏரியலில் கேபிள் சேரும் இடத்தில் டேப் பிரிந்து, மழைத்தண்ணீர் இறங்கி, செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. தொட்டதும் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. வெட்டிப் புதிதாக ஈயம் வைத்தோம். இப்போது ஒன்று புள்ளி மூன்று காட்டுகிறது.

இன்று காலை "கேக்குதாண்ணா?" என்றேன். "கேக்குதுடி" என்றீர்கள். அவ்வளவுதான். மைக்கை இவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இவர் வானிலை பற்றிக் கால்மணி நேரம் பேசினாராமே, மன்னியுங்கள்.

நாற்பது நாளும் காற்றில் கேட்ட மன்னிப்பை இங்கே மறுபடி கேட்கிறேன்.

தங்கை

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

ரேடியோவில் நாலு பேர் கேட்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். நீ சொன்னதையே நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் அண்ணியின் ரிப்போர்ட்களை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் முடிவு இதுதான். உங்க மேல தப்பு இல்ல" என்றார். வெளியே வந்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று இருந்தேன். நீயும் இனி அந்தப் பாரத்தை இறக்கி வை.

இன்று காலை நான் ரேடியோ பக்கம் வரவில்லை. கோபம் என்று எண்ணிவிடாதே. ரொம்ப நாளைக்குப் பிறகு எட்டு மணி வரை தூங்கிவிட்டேன்.

அண்ணன்