நைனா மறுகுழம்பு கேட்காத காரணம்

கொரட்டூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் ஹேமா கண்ணுவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் வீடியோவில் சொல்கிறாய், ஆனால் அந்த போன் உன் கழுத்துக்குக் கீழே எதையும் காட்டுவதில்லை, இளைத்தாயா பெருத்தாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனில் பேசினால் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்ளினில் மழையா என்று ஆரம்பித்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். மண்ணூர்பேட்டை அத்தை தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள், அவள் பார்த்துச் சொன்ன செல்வகுமாருக்கு நீ சரி சொல்வாயா மாட்டாயா என்று. உன் டப்ளினிலேயே வேலை பார்க்கிற பையன், நீயும் இரண்டு முறை அவனோடு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாய். நல்லவர்தான், ஆனால் பிடித்திருக்கிறதா என்று எப்படிம்மா தெரியும் என்று என்னைக் கேட்டாய். நான் என்னத்தைக் கண்டேன், கல்யாணத்துக்கு முன்னால் உன் நைனாவை எனக்குக் காட்டியதே ஒரு போட்டோவில்தான், அதிலும் பாதி முகம் நிழல்.

சரி, நீ படிக்கச் சொல்லி அனுப்பிய புத்தகங்களிலாவது பதில் இருக்குமா என்று மூன்றையும் படித்து முடித்தேன். காதல் புத்தகத்தில், மனசுக்குப் பிடித்தவர்கள் கண்ணோடு கண் பார்ப்பார்கள் என்று போட்டிருக்கிறது. உன் நைனா என்னை அப்படி உற்றுப் பார்த்தது, அவர் மூக்குக்கண்ணாடியை நான் எங்கேயோ வைத்துவிட்ட அன்றைக்குத்தான். மனுஷர்களின் குணத்தைப் பற்றிய புத்தகம், ஒருவருக்குத் தெரியாமல் அவரைக் கவனி என்கிறது. கவனித்தேன். இன்னா சொம்மா மொறைச்சிகினே கீறே, ஒடம்புக்கு எதுனா பண்ணுதா என்று பயந்துபோய்க் கேட்டார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது, சாப்பாட்டுப் புத்தகம், அதை மட்டும் நீ கட்டாயம் படி. உன்மேல் ஆசை வைத்தவருக்கு உனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருக்கும் என்று அதில் ஒரு வரி வருகிறது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, எனக்கு என்ன பிடிக்கும் என்று நைனாவிடமே கேட்டுவிட்டேன். சாம்பார், ரசம் என்று எதையாவது உளறுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கருவாட்டுக் கொயம்பு சட்டில கடசியா சோத்தப் போட்டு வயிச்சித் துன்னுவியே, அதான், அதுக்கோசரம்தான் நான் ரெண்டாந்தபா கொயம்பு கேக்கறதே இல்ல என்றார்.

ஹேமா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இந்த மனுஷன் போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைப்பதைப் பார்த்து, என் கைக்குழம்பு இவருக்கு இறங்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். நான் அடுப்படியில் நின்று யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவதாக நினைத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் சமையல்கட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். இதை அத்தையிடம் சொல்லிவிடாதே, ஊர் பூராவும் பரப்பிவிடுவாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். செல்வகுமாரின் உயரம் சொன்னாய், சம்பளம் சொன்னாய், நன்றாகப் பேசுகிறான் என்றாய். நீ சாப்பிட்டதைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா என்று நீயும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்னொரு முறை அவனோடு சாப்பிடப் போ. நீதான் சின்ன வயசிலிருந்தே கத்திரிக்காயை ஓரமாக ஒதுக்குகிறவள் ஆயிற்றே. சாப்பிட்ட கையோடு கேட்காதே, நாலைந்து நாள் விட்டு, அன்றைக்கு நான் தட்டில் எதை ஒதுக்கினேன் என்று கேள். அவன் என்ன சொல்கிறான் என்பதைவிட, அவன் சொல்லும்போது உனக்கு என்ன ஆகிறது என்று பார். ஒன்றுமே ஆகவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, அத்தையை நான் சமாளித்துக்கொள்கிறேன், நீ அதற்காகக் கலங்காதே.

மாரியாத்தா உன்னைக் கண் கலங்காமல் வைத்திருப்பாள், நானும் நைனாவும் மனசார வாழ்த்துகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நேற்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நைனா வழக்கம்போலப் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தார். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எனக்கு ஒரு வாய் குடேன் என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
தாட்சாயிணி