கோட்டுக்கு உள்ளே வந்த பொட்டு

சிதம்பரம்,
புதன் இரவு

அன்புள்ள தமிழ் அக்காவுக்கு,

சத்யா எழுதுவது. புனேயில் நீ நலமாக இருப்பாய். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டுக்காரர் என்று பார்க்காமல் சொல்கிறேன், அம்மாவின் போன் மாமாவிடமே இருக்கிறது, அதனால்தான் கடிதம். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பள்ளிக்குப் போகும்போது விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அம்மாவின் கால் புண்ணுக்கு மாமா இப்போது கட்டுப் போடுவதில்லை. நீயும் அவரும் ஆராய்ச்சிக்காக முந்திரிப் பிசினில் செய்த அந்தக் கண்ணாடித்தாள் போன்ற படலத்தை ஒட்டுகிறார். நீ செய்தது அப்பளம் போல உடையும். இவர் கிளிசரின் கூட்டியிருக்கிறார், நன்றாக வளைகிறது. "ஒங்கக்கா எலிக்கு ஒட்டவே அனுமதி கேட்டுக்கினு கெடக்கா. நான் எங்க அத்தைக்கே ஆத்திக் காட்றேன் பாரு" என்று சிரிக்கிறார். அம்மாவும், "மாப்ள கைராசி ஒனக்கு இன்னாடி தெரியும்" என்கிறாள். ஆறும்வரை உன்னிடம் சொல்லக் கூடாதாம்.

தினமும் புண்ணின் சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுக்கிறார். சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை என்று அம்மாவிடம் காட்டுகிறார். ஞாயிறு காலை பழைய கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வேறு கோடு போட்டதைப் பார்த்தேன். மங்கிவிட்டதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மதியம் அம்மா தூங்கும்போது கோட்டுக்கு ஒரு விரல் வெளியே மருதாணிப் பொட்டு வைத்தேன். அது ஸ்பிரிட்டுக்குப் போகாது. மாமா கேட்டதற்கு, கைக்குப் போடும்போது சிந்திவிட்டது என்றேன். சர்க்கரையில் கால் மரத்துப்போனதால் அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை.

இன்று பொட்டு கோட்டுக்கு உள்ளே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடித் தோப்பிலிருந்து பிசின் கொண்டுவந்தது நான். மரத்தில் இருந்தது போதாமல், கொட்டை உடைக்கும் இடத்தில் ஓடுகளோடு கிடந்ததையும் பொறுக்கிப் பையில் போட்டேன். ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று நீ மூன்று முறை கழுவுவாய். அவர் ஒருமுறைதான் கழுவினார். என் விரல் உரிந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா, போனில் கேட்காதே. கேட்டால் போட்டோவைத்தான் காட்டுவார். புறப்பட்டு வா. வந்ததும் கோட்டைப் பார்க்காதே, பொட்டைப் பார்.

நான் எழுதியதைச் சொல்லிவிடாதே என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். சொல். பிசினைப் பற்றியும் சொல். அம்மா நடந்தால் போதும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
சத்யப்பிரியா