போனைக் கொடுத்துவிடு

என் வீட்டு உச்ச நீதிமன்றத்துக்கு,

உன் வீட்டுக்காரன் பணிவோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சமைத்ததை நானே தின்றும் உயிரோடு இருக்கிறேன், பார்த்துக்கொள்.

கிரேன் கயிறு அறுந்து நம் பையன் உயிர் போன வழக்கை நடத்தும் இந்த நாட்டு அரசு வக்கீல் என்னைக் கூப்பிட்டிருந்தார். கயிறு நைந்திருக்கிறது என்று உனக்குப் பேசி அனுப்பினானே, அதுதான் முக்கியச் சாட்சியாம். "இதுக்கா இத்தனை பாடு? என் சம்சாரத்தைப் போனைப் பார்சல்ல போடச் சொல்றேன்" என்றேன். மொழிபெயர்ப்பவர் சிரித்துவிட்டார். "ஐயா, நீங்க அனுப்பினா அது வெறும் போன். உங்க நாட்டுக் கோர்ட் வாங்கி அனுப்பினாத்தான் சாட்சி."

வெளிநாட்டு வக்கீல் கேட்டதற்கு உத்தரவு போடத் தனக்கு அதிகாரமில்லை என்று நம் மாவட்ட கோர்ட் கைவிரித்தது அல்லவா? அதிகாரம் உண்டு என்று மேல்கோர்ட் சொல்லிவிட்டதாம். இனி போனை வாங்கிப்போகக் கோர்ட்டிலிருந்து ஆள் வருவார். அவன் குரல் இருக்கிற போனைத் தரமாட்டேன் என்று மல்லுக்கு நிற்காதே. வழக்கு முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். எப்போது முடியும் என்றுதான் யாரும் சொல்லவில்லை.

கொடுப்பதற்கு முன் நன்றாகச் சார்ஜ் ஏற்று. என்னைக் கூப்பிட்டு, அவன் பேசினதை ஒரு தடவை போட்டுக் காட்டு. இதுவரை கேட்கத் தைரியம் வரவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதம்மா, பயந்துடுவாரு" என்று கடைசியில் சொல்லியிருக்கிறானாமே, சின்னவள் சொன்னாள். அந்த இடத்தில் நிறுத்திவிடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் பயந்தாங்கொள்ளி