கானமயில் காணும்

1959 ஜனவரி 27

பருத்திக் கடையில் கொடுத்த டைரியை வீட்டுக்காரர் வாங்கி வந்து, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, இருபத்தாறு நாளாகத் திறக்கவே இல்லை. இனி இது என்னுடையது. கேட்டால், பெயர் உங்களது, மற்ற பக்கமெல்லாம் எனக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாம் கிளாஸ் வரை படித்தவளுக்கு ஒரு டைரி கூடவா கூடாது?

கருப்பாடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.

பிப்ரவரி 9

பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ். கோயமுத்தூர்க் காலேஜ் வாத்தியார் சென்னகேசவன் என்பவர் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். கானமயில் எந்த ஊரில், யார் காட்டில், எந்தத் திசையில் இருக்கிறது என்று எழுதினால் ஐந்து ரூபாய் மணியார்டர் வருமாம். இல்லை என்றாலும் எழுதலாம், அதற்குக் காசு கிடையாது.

எனக்குச் சிரிப்பு. கானமயில் எங்கள் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் ஆடுகளோடு ஆடாக மேய்ந்த பறவைதானே. ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். வரி வசூலுக்கு வந்த மணியகாரர் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். இப்போது நாலு வருஷமாக ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரி 10

கார்டு போட்டுவிட்டேன். “ஐயா, எங்கள் கொறங்காட்டில் கானமயில் காணும். இப்படிக்கு பழனியாத்தாள்.” ஊர், காடு, பல்லடம் ரோட்டிலிருந்து எத்தனை தூரம், எல்லாம் எழுதினேன்.

“இல்லாததுக்கு எதுக்கு புள்ள வழி சொல்றே?” என்றார் வீட்டுக்காரர்.

“எங்க இல்லைன்னு அவருக்குத் தெரியோணுமல்லங்க?”

பிப்ரவரி 21

தபால்காரர் பீர் முகம்மது வாசலில் சைக்கிளை நிறுத்தினார். “ஏனுங்க ஆத்தா, காலேஜில இருந்து உங்களுக்குப் பணம் வந்திருக்குதுங்க. அங்க போயிப் பரீட்சை எழுதுனீங்களா?”

“நான் எழுதலீங்க. வாத்தியாருக்கு நான்தான் பரீட்சை வச்சேன்.”

ஐந்து ரூபாய்! மணியார்டர் துண்டில், “தகவலுக்கு நன்றி, விரைவில் நேரில் வருகிறேன்” என்று எழுதியிருந்தது. உண்மையைச் சொன்னதற்காகக் கொடுத்தார் போலிருக்கிறது. இப்படித் தெரிந்திருந்தால் எங்கள் ஊரில் கடல் இல்லை, ரயில் இல்லை என்று இன்னும் இரண்டு கார்டு சேர்த்துப் போட்டிருப்பேனே.

பிப்ரவரி 23

அந்த ஐந்து ரூபாயில் சந்தையில் மொட்டைக் கிடாய்க்கு வெண்கல மணி வாங்கினேன். நல்ல நாதம். கொம்பில்லாதவனுக்கு இப்போது நடையே மாறிவிட்டது.

மார்ச் 8

வாத்தியார் வந்தார். சின்ன வயது. கழுத்தில் தூரக்கண்ணாடி. நெல்லூர்ப் பக்கத்துக்காரராம், தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டாராம். தண்ணீர் கூடக் குடிக்காமல், “அம்மா, எங்கே?” என்றார்.

“என்னதுங்க எங்கே?”

“கானமயில்.”

“அதுதான் காணும்னு எழுதிப்போட்டேனுங்களே.”

“ஆமாம். அதனால்தான் வந்திருக்கிறேன். காணும் என்றால் காணக் கிடைக்கும் என்றுதானே பொருள்?”

“சாமி, காணும்னா காணாமப் போச்சுன்னு அர்த்தமுங்க! ஆளைக் காணும், ஆட்டைக் காணும்னு சொல்லுவமல்லங்க!”

பையிலிருந்து என் கார்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, “கானமயிலைக் காணும் என்று ஓர் ‘ஐ’ போட்டிருந்தால் எனக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்” என்றார்.

வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். “பாருங்க வாத்தியாரே, ஒரு ஐயை முழுங்கிப்போட்டு அஞ்சு ரூபா வாங்கிப்போட்டா!” அந்த நேரம் பார்த்துத்தானா மொட்டைக் கிடாய் மணியை ஆட்டிக்கொண்டு வரவேண்டும்?

அவருக்குப் பதினேழு கார்டு வந்ததாம். பதினாறு பேர் சாதா மயிலைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள். நம்பி வந்தது என் கார்டு ஒன்றைத்தான். பணமும் காலேஜ் பணமில்லை, அவர் சம்பளமாம். மணியை விற்றுக் கொடுத்துவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். எனக்கு அது மனசுக்கு ஆகவில்லை. “அப்ப அந்த அஞ்சு ரூபாய்க்கு நானே தேடிக் குடுக்கறேனுங்க” என்றேன்.

கம்பஞ்சோறும் மோரும் சாப்பிட்டார். போகும்போது ஒன்று சொன்னார். சுந்தரராஜுலு என்று ஒரு பருத்தி வியாபாரி, துப்பாக்கிக்காரர், கானமயில் இருக்கும் இடங்களின் பட்டியலைக் கொடுத்தால் நூறு ரூபாய் தருவதாக இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம். இவர் கொடுக்கவில்லை. “கண்டால் கார்டில் எழுதாதீர்கள் அம்மா. எல்லாரும் படிப்பார்கள். கவரில் எழுதுங்கள்.”

மார்ச் 9

ஏமாத்திப்போட்டனா நானு? வேணும்னா செஞ்சேன்? மணிச் சத்தம் கேட்டாலே ‘ஐ, ஐ’ என்று கேட்கிறது.

ஏப்ரல் 30

இந்த மாதம் ஒன்பது பேருடைய காட்டில் நடந்து பார்த்தாயிற்று. காலில் முள் குத்தியதுதான் மிச்சம். ராமாத்தாள் காட்டில் கௌதாரியைப் பார்த்துக் கூவிவிட்டேன். “அக்கா, அதுக்கு எத்தனை ரூபா குடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜூன் 17

மழை. எங்கள் பக்கம் நாலு தூறல்தான். ஆடு விடாமல் வைத்திருந்த எங்கள் மேற்குக் கொறங்காட்டில் மட்டும் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம். ஜூலையில் ஆடுகளை அங்கே விடவேண்டும். மற்ற காடு காய்ந்து கிடக்கிறது.

ஜூலை 2

பார்த்துவிட்டேன்.

வேறு எங்கேயும் இல்லை, எங்கள் மேற்குக் கொறங்காட்டிலேயே. வெள்வேல மரத்துக்கு அந்தப் பக்கம், புல்லுக்குள் ஒரு கழுத்து. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது எழுந்து நாலு எட்டு நடந்தது. அதே மணியகாரர் நடை. அது உட்கார்ந்திருந்த இடத்தில், வெறும் மண்ணில், ஒரே ஒரு முட்டை. பெரிய முட்டை, மண் நிறம்.

ஊர் ஊராக எத்தனை பேர் வேலியைத் தாண்டினேன்! என் வேலிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஜூலை 3

மேற்குக் காட்டில் இப்போது ஆடு விடவேண்டாம் என்றேன்.

“முப்பது உருப்படி எதைத் திங்கும்? ஒரு முட்டைக்கு ரெண்டு ஏக்கராவா?” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

“எங்கப்பனும் இப்படித்தானுங்க கேட்டாரு, இந்த ஒரு மாப்பிள்ளைக்கு எட்டுப் பவுனான்னு. குடுக்கலீங்களா?”

கோபமாகத் துண்டை உதறிக்கொண்டு போனார். சாயங்காலம் பார்த்தால் மேற்குக் காட்டுப் படலைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். ஆட்டுக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்குகிறோம்.

மொட்டைக் கிடாய் படலுக்கு வெளியே நின்றுகூட மணி அடிக்கிறான். பறவை மிரளுமே என்று மணியைக் கழற்றிவிட்டேன்.

ஜூலை 6

கவர் வாங்கப் போனேன். “காலேஜுக்குங்களா ஆத்தா? கவர்ல எழுதற அளவுக்கு ஏதாச்சும் கண்டுபோட்டீங்களா?” என்று பீர் முகம்மது கேட்டார். போஸ்டாபீசில் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒட்டின கவருக்குள் என்னவோ இருக்கிறது என்றுதானே எல்லாருக்கும் தோன்றும். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய்க்குப் படல் கிடையாது. மஞ்சள்பொடி வாங்க வந்து இடம் தவறினவள் மாதிரி, கவர் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அப்ப எப்படித்தான் சொல்றது?

ஜூலை 12

ஜீப் வந்தது. வெள்ளைச் சட்டை, மடியில் துப்பாக்கி. வாத்தியார் சொன்ன சுந்தரராஜுலுவேதான். தணிவாகத்தான் பேசினார்.

“ஏனுங்க அம்மணி, காலேஜுக்குக் கார்டு போட்டது நீங்கதானுங்களா? கானமயில் இருக்கற இடத்தைக் காட்டுங்க. அம்பது ரூபா தாரேன்.” நோட்டுகளைக் கையிலேயே வைத்திருந்தார்.

அம்பது ரூபா. சோளத்தட்டு விற்கிற விலைக்கு. வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. மேற்கேயும் பார்க்கவில்லை.

“கானமயில் காணுமுங்க” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தானுங்க. காலேஜுக்கு எழுதியே குடுத்திருக்கறேன். போஸ்டாபீசுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“அங்க கேட்டுட்டுத்தான் வாரேன். தபால்காரரும் காணும்னுதான் சொன்னாரு” என்று நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

புழுதி அடங்கியதும் வீட்டுக்காரர், “ஏம்புள்ள, இப்படி முகத்துக்கு நேராப் பொய் சொல்லிப்போட்டியே” என்றார்.

“பொய்யா? ஐ போட்டனா நானு? வாத்தியாரைக் கேளுங்க. காலேஜுத் தமிழ்ல அது சுத்தமான நெசமுங்க.”

யோசித்து யோசித்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் இவரை இப்படிச் சிரிக்க வைத்தது மூன்றாம் தடவை.

ஜூலை 13

இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? கவர் எதற்கு? கார்டே போட்டேன், எல்லாரும் படிக்கட்டும்; ஐ இல்லாததை வாத்தியார் மட்டும் படிப்பார்.

“ஐயா, எங்கள் மேற்குக் கொறங்காட்டில் கானமயில் காணும். கிடாய் கழுத்தில் மணி இல்லை. இப்படிக்கு பழனியாத்தாள்.”

பீர் முகம்மது என் முன்னாலேயே படித்தார். “மணியும் காணுமுங்களா? அடடா. கானமயிலும் இன்னுங் காணுமா?”

“ஆமாங்க. நல்லாக் காணும்.”

ஜூலை 25

குஞ்சு வெளியே வந்துவிட்டது. தாயின் பின்னால் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. அதற்கும் அந்த மணியகாரர் நடை வந்துவிடும்.

ஜூலை 29

வாத்தியார் வந்தார். இந்தத் தடவையும் தண்ணீர் குடிக்கவில்லை. வேலி ஓரம் படுத்தபடியே தூரக்கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் புல்லின் சுணை. கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்துவிட்டதாம். விழும் விழும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதப் போனவரை, “ஊர்ப் பேரையும் எழுதறீங்களா?” என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டு, “தேதி மட்டும்” என்றார்.

ஆகஸ்ட் 8

மறுபடியும் ஐந்து ரூபாய் மணியார்டர். பீர் முகம்மதுக்குத் தாங்கவில்லை. “காணாத பறவைக்கு ரெண்டாந்தரமும் பணமுங்களா? அந்த வாத்தியாருக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க ஆத்தா.”

“திருப்பி அனுப்பிப்போடுங்க. முன்னமே வாங்கிட்டாங்கன்னு எழுதுங்க.”

பாவம், மனுஷர் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

இன்றைக்குப் படலைத் திறந்து ஆட்டை விடலாம் என்று இருந்தேன். போய்ப் பார்த்தால் வீட்டுக்காரர் பழைய கயிற்றின் மேல் இன்னொரு கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார். அவராகவே, “குஞ்சு பறக்கட்டும்” என்றார்.

மொட்டைக் கிடாய்க்குக் கழுத்தும் இன்னும் மொட்டைதான்.