மலையிலிருந்து இறங்கிய பிறகு

1956 நவம்பர் 1, மாலை ஆறரை மணி. போனது இரண்டு பேர், திரும்பியது நான் மட்டும்.

சுகிர்தம்,

சனிக்கிழமை அம்பூரியிலிருந்து நீ வரும்போது அப்பா வீட்டில் இல்லையென்றால் பதறாதே.

உன் தம்பி அவரைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த சிதறால் மலைக்கு இன்று நான் கூட்டிப்போனேன். பாறையில் செதுக்கிய சமணச் சாமிகளை நெடுநேரம் பார்த்தார்.

"இது இப்போ எந்த ஸ்டேட்டு மக்கா?"

"இன்னையிலேருந்து மெட்ராஸ் ஆக்கும், மாமா."

"நம்ம பாறசாலை?"

"கேரளம்."

"பய கெடக்க எடம்?"

நான் சர்வே படித்தவன், புது எல்லை எங்கே போகிறதென்று தெரியும். நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன ஊர்வலத்தில் குண்டடிபட்டுச் செத்த உன் தம்பியை மார்த்தாண்டத்தில்தானே அடக்கினோம். "மெட்ராஸ்" என்றேன்.

"அப்போ கேட்டது அவனுக்கு மட்டும் கிட்டியாச்சு."

இறங்கி நேரே கல்லறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எரிச்சலில் விட்டுவிட்டு வந்தேன்.

இனி செய்யப்போவது:

1. கஞ்சியும் போர்வையும் எடுத்துச் சைக்கிளில் திரும்பிப் போவேன்.
2. வீட்டுக்கு வரச் சொல்லமாட்டேன்.
3. அவர் பக்கத்தில் உட்காருவேன்.

உன் வீட்டுக்காரன்